பாதிக்கதை அக்கா

அந்தத் தெருவில் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்புகிறவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள்: வர நேரமாகும், தேட வேண்டாம். வெட்டுவதற்கு என்னவோ கால் மணி நேரம்தான். ஆனால் போகிற இடம் பாதிக்கதை அக்காவின் பார்லர் ஆயிற்றே.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவள் பாதிக்கதை அக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவளுக்கு லேசான வருத்தம் உண்டு, ஆனால் காட்டிக்கொள்வதில்லை. ஊருக்கெல்லாம் நரையை மறைக்கிறவளுக்கே வயசு தெரிகிறதா என்று சிரித்துவிட்டுக் கத்தரியைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

பார்லர் என்றதும் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரே அறை. சுழல் நாற்காலி இரண்டு, அதில் ஒன்று சுழலாது. தலை கழுவ ஒரு பீங்கான் தொட்டி. அதன் குழாயில் வெந்நீர் வருவதும் வராததும் அவரவர் அதிர்ஷ்டம். காத்திருப்பவர்களுக்கு வாசலை ஒட்டி ஒரு நீள பெஞ்சு. பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. அக்கா வேலை செய்யும்போது தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள். தெருவைத் தாண்டினால் நேர் எதிரே கிளை நூலகம். பச்சைக் கதவு, இரண்டு பெரிய ஜன்னல், உள்ளே ஒரு நீள மேஜை, சுற்றிலும் அலமாரிகள். அவ்வளவுதான் நூலகமும்.

அந்த நூலகம் இல்லையென்றால் தானும் இல்லை என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை.

கணவர் நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் அடியெடுத்து வைத்திருந்தாள். கையில் தொழில் எதுவும் இல்லை. தெருமுனையில் இருந்த பெரிய பார்லரில் விழுந்த முடியைக் கூட்டி அள்ளுகிற வேலை கிடைத்தது. வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று எட்டிப் பார்த்தால் முதலாளி அம்மாவுக்குப் பிடிக்காது. கண் தரையில் இருக்கட்டும், தலையில் வேண்டாம் என்பார். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுவிடும், பார்லர் மூட இருட்டிவிடும். நடுவில் குழந்தையை எங்கே விடுவது? கடைக்குள் குழந்தை வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் விடலாமென்றால், முதல் வாரம் இனித்த முகம் இரண்டாவது வாரம் சுளித்தது.

கடைசியில் போக்கிடம் இல்லாமல்தான் அந்தப் பச்சைக் கதவின் முன்னால் போய் நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் வேறு வைத்துக்கொண்டாள், உள்ளே போக என்ன முறை என்று அவளுக்குத் தெரியாது. நூலகர் எழுந்து வந்தார். ஒல்லியான மனிதர். அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடப் பாதிதான் கேட்கும். நூலகத்தில் வேலை பார்த்துப் பார்த்து வந்த குரல் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய கல்யாணத்திலேயே அவர் சம்மதம் சொன்னது யார் காதிலும் விழவில்லையாம். அக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். குழந்தை எதையும் தொடமாட்டாள், சத்தம் போடமாட்டாள், ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பாள் என்றாள்.

"தொடட்டும்மா, தொடத்தான் வெச்சிருக்கு" என்றார் நூலகர். "இதுக்கெல்லாம் அனுமதி கேட்கக்கூடாது. இது உங்க இடம்."

அன்றிலிருந்து ஜன்னலோர இருக்கை அந்தக் குழந்தையுடையது. வீட்டுப்பாடம், படக்கதை, மேஜையில் தலைவைத்து ஒரு தூக்கம் என்று அவள் அங்கேயே வளர்ந்தாள். இன்றைக்கு வேறொரு ஊரில் நர்ஸ். யாராவது அவளிடம் சொந்த வீடு எங்கே என்று கேட்டால் நூலகத்தைச் சொல்லிவிட்டு, பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

மகளைக் கூப்பிட வந்த இடத்தில்தான் அக்காவுக்கும் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. முடி வெட்டும் கலை பற்றிய தடிப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் படம். வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாத வகை. அதனால் என்ன? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நூலகப் படியில் உட்கார்ந்து ஒரு பன்னை அவசரமாக விழுங்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். விரலிடுக்கில் முடியை எப்படிப் பிடிப்பது, எந்தச் சாய்வில் கத்தரியை வைப்பது என்று மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் படித்தால் மட்டும் கை வந்துவிடுமா? பழக ஒரு தலை வேண்டும். தெரிந்தவர்களிடம் கேட்டாள். எல்லோரும் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நழுவிவிட்டார்கள்.

நூலகர்தான் தலையைக் கொடுத்தார். நூலகத்தின் பின்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, பழைய நாளிதழில் ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வெட்டு படுமோசம். ஒரு காதுக்கு மேலே காடு, இன்னொரு காதுக்கு மேலே கட்டாந்தரை. அடுத்த நாளிலிருந்து மனிதர் தொப்பியோடு வேலைக்கு வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஜலதோஷம் என்று சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய விஷயம், முடி வளர்ந்ததும் மறுபடி வந்து உட்கார்ந்தார். அப்புறமும் உட்கார்ந்தார். அக்கா சொந்தமாகக் கடை போட்ட நாளில் நூலக இலாகாவிலேயே அவரைப் போலத் திருத்தமாக முடி வெட்டியிருந்தவர் வேறு யாரும் இல்லை.

நன்றியை வாயால் சொல்லி முடியாது என்பார்கள். அக்கா வாயாலும் சொன்னாள், கையாலும் காட்டினாள். நூலகர் எவ்வளவு மறுத்தாலும் அவருக்கு அந்தக் கடையில் எப்போதும் முதல் நாற்காலி. வருஷா வருஷம் நூலக விழிப்புணர்வு நாள் வந்தால் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டுக் காலையிலேயே போய் நாற்காலி போடுவாள், டீ ஊற்றுவாள், மைக்கைக் கொடுத்தால் பேசவும் செய்வாள்.

அந்த நாள் ஜேஜே என்று இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து கோஷம் போடுவார்கள். பெரிய மனிதர்கள் வாசிப்பின் அருமையைப் பற்றி முழங்கிவிட்டு, ஒரு புத்தகத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் வண்டி ஏறிவிடுவார்கள். உறுப்பினராகச் சேர ஒரு கூட்டம், பிஸ்கட்டுக்கு ஒரு கூட்டம். மறுநாள் போய்ப் பார்த்தால் நாளிதழ் படிக்கிற நாலு பேரும் மின்விசிறியும்தான். நூலகர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷ விழாவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மேலதிகாரி அம்மா வந்திருந்தார். மேடையில் ரொம்பப் பேசவில்லை. கூட்டம் கலைந்ததும் நூலகரைக் கூப்பிட்டார். டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா பக்கத்திலேயேதான் நின்றாள். ஆள் வராத கிளைகளை மூடி, ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய நூலகத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். இந்தக் கிளையும் அதில் இருக்கிறதாம். கெட்ட மனசோடு சொல்லவில்லை, மூடிமறைக்காமல் சொன்னார்.

"ஒரு நாள் கூட்டத்தை வெச்சு நான் எதுவும் எழுத முடியாது. சாதாரண நாள்ல, சொல்லாம கொள்ளாம வருவேன். அன்னைக்கு உள்ள ஆள் இருந்தா இந்தக் கிளை இருக்கும்."

அக்கா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். ஊரின் மறுகோடிக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும். எந்தக் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு பஸ் மாறிப் போய் உட்காரும்? தன்னைப்போல ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் திறக்க ஒரு கதவு இருக்காது. நூலகர் முகத்தில் ஈயாடவில்லை. புத்தகமெல்லாம் லாரியில் போய்விடும், தன்னையும் எங்காவது போட்டுவிடுவார்கள் என்று அவர் முனகியது அவருக்கே கேட்டிருக்காது.

வருஷத்துக்கு ஒரு நாள் கத்தினால் போதாது, தினமும் ஏதாவது செய்ய வேண்டும். அக்கா ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. மறுநாளே வழி கிடைத்துவிட்டது. பக்கத்துத் தையல்கடைக்கார அம்மா நரைக்குச் சாயம் பூசிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, ஊற வேண்டிய அரை மணி நேரத்தைப் போக்கத் தெரியாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோலத்தில் எழுந்து எங்கும் போகவும் முடியாது. நூலகத்தில் இரண்டு பிரதி இருந்த நாவல் ஒன்றை அக்கா எடுத்து வந்திருந்தாள், அதைப் பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். கதையில், ஆற்றோடு போய்விட்டதாக எல்லோரும் அழுது ஓய்ந்த அக்காக்காரி, தங்கையின் கல்யாண நாளில் வாசலில் வந்து நிற்கிறாள். அந்த இடம் வந்ததும் டப்பென்று மூடினாள்.

"அப்புறம்?" என்றார் தையல்கார அம்மா.

"அப்புறம் தலை கழுவணும். மீதி எதிர்ல இருக்கு, போய் எடுத்துப் படிங்க" என்றாள் அக்கா.

தையல்கார அம்மா திட்டிக்கொண்டே தலையைக் கழுவிக்கொண்டார், திட்டிக்கொண்டே தெருவைத் தாண்டினார். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து புத்தகத்தைத் தொடாத மனுஷி அன்றைக்கு உறுப்பினர் ஆனார். ஒன்று பலித்ததும் அக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாயத்துக்கு உட்கார்ந்தவர்கள், சுருள் போட உட்கார்ந்தவர்கள், முகத்தில் களிம்பைப் பூசிக்கொண்டு கண்ணை மூடிக்கிடந்தவர்கள், ஒருவரையும் விடவில்லை. அத்தனை பேருக்கும் பாதிக்கதை. அந்தப் பேர் வந்தது அப்போதுதான். கிளையில் நாலு என்று இருந்த கூட்டம் மெல்ல மெல்லக் கூடியது. நூலகர் ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் புத்தகம் தேடிக் கொடுக்க ஓடினார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அக்காவின் வாய் சும்மா இருக்குமா?

அவளுக்குப் படிக்க வரும் என்பது மட்டுமில்லை, நடிக்கவும் வந்துவிட்டது. மாமியாருக்கு ஒரு குரல், வக்கீலுக்கு ஒரு குரல், சாகக்கிடக்கிற சித்தப்பாவுக்கு ஒரு முக்கல். கேட்கிறவர்கள் சொக்கிப்போனார்கள். அக்கா, நீங்களே மீதியையும் படிச்சிடுங்க, நாங்க படிச்சா இந்த ருசி வராது என்றார்கள். முதலில் முடியவே முடியாது என்றாள். அப்புறம் ஒரு அத்தியாயம் என்றாள். புகழ்ச்சி யாரை விட்டது? கொஞ்ச நாளில் பாதிக்கதை முழுக்கதை ஆகிவிட்டது. முடி வெட்டிக்கொள்ள வராதவர்களும் வந்தார்கள். வங்கிக் காவலாளி வேலை முடிந்ததும் நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு வெட்ட முடியே கிடையாது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நூலகத்துக்காக எவ்வளவு பாடுபடுகிறோம் என்று மனசுக்குள் பூரிப்பு வேறு.

கதை முழுசாக இங்கேயே கிடைக்கும்போது யார் எழுந்து தெருவைத் தாண்டுவார்கள்? பச்சைக் கதவு திறந்தபடியே கிடந்தது, நுழைய ஆள் இல்லை. தெருவுக்கு முதுகைக் காட்டி நின்ற அக்காவுக்கு அது தெரியவில்லை. நூலகருக்குத் தெரிந்தது, ஆனால் அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்தானே? ஜன்னல் வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய் உட்கார்ந்துகொள்வார்.

மேலதிகாரி அம்மா சொன்னபடியே சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஒரு சாதாரண புதன்கிழமை சாயங்காலம். வங்கிக் காவலாளிதான் பெஞ்சிலிருந்து பார்த்துவிட்டு, அன்னைக்கு மேடையில் பேசின அம்மா எதிரே போறாங்களே என்றார். அக்கா திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குள் நீள மேஜை தெரிந்தது. அத்தனை நாற்காலிகளும் காலி. நூலகர் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அக்கா தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். நிற்க இடமில்லை.

அதற்கப்புறம் அவள் செய்ததை இன்றைக்கும் அந்தத் தெரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. கையில் இருந்த புத்தகத்தை மூடவில்லை. படித்துக்கொண்டே வாசல் இறங்கினாள், படித்துக்கொண்டே தெருவைத் தாண்டினாள். கதை நல்ல கட்டத்தில் இருந்ததால் கூட்டமும் பின்னாலேயே இறங்கியது. பாதி வெட்டின தலையோடு ஒருத்தி, முகம் முழுக்கப் பச்சைக் களிம்போடு ஒருத்தி, சாயமும் பிளாஸ்டிக் உறையுமாகத் தையல்கார அம்மா, கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி காவலாளி. வந்த சைக்கிள்காரர்கள் பிரேக் போட்டு நின்றார்கள். அத்தனை பேரும் நூலகத்துக்குள் நுழைந்து நாற்காலிகளை நிறைத்துவிட்டார்கள்.

மேலதிகாரி அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எல்லா முகத்தையும் ஒருமுறை பார்த்தார், களிம்பு பூசின முகத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக. தையல்கார அம்மாவுக்குச் சாயம் ஊறும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. கழுவ வாங்க என்று அக்கா கெஞ்சினாள். தலை போனாலும் பரவாயில்லை, கதை முடிவு தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அவர் சட்டமாக உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்த முடி செம்புப் பாத்திரம் மாதிரி ஆனது தனிக்கதை.

"இவங்க இங்க வரல, உங்க பின்னால வந்தாங்க" என்றார் மேலதிகாரி அம்மா. "நாளைக்கு நீங்க இல்லேன்னா வருவாங்களா?"

வாயாடி என்று பேர் வாங்கின அக்காவுக்குக்கூட, வருவார்கள் என்று பொய் சொல்ல மனசு வரவில்லை. தெரியாது என்றாள். என் கடையில் நானே படித்து இவங்க காலைக் கட்டிப்போட்டுட்டேன், தப்பு என்னுது, சார் மேல இல்லை, இன்னொரு தடவை வந்து பாருங்க என்று கேட்டுக்கொண்டாள். மேலதிகாரி அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, வருவேன், ஆனால் என்றைக்கு என்று சொல்லமாட்டேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் போனபிறகு அக்கா அந்த நீள மேஜையின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எந்த இடம் தன்னையும் தன் பிள்ளையையும் ஆளாக்கியதோ அந்த இடத்தின் ஆட்களையே தான் பிடித்து வைத்துக்கொண்டதை நினைத்து அழுதாள். உங்களுக்குக் காலத்துக்கும் நன்றி சொல்ல வேண்டியவள், இப்படிச் செய்துவிட்டேனே என்றாள். நூலகர் எதிரே உட்கார்ந்தார். அவர் அவ்வளவு பேசி அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்கம்மா. நீங்க வர்றதுக்கு முன்னால மத்தியானமானா பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். யாரும் வரமாட்டாங்க, யாரும் கேட்கவும் மாட்டாங்க. நீங்க பன்னைத் தின்னுட்டு ஓடி வர்றதைப் பார்த்தப்புறம்தான் வெட்கமா போச்சு. நன்றி நான்தான் சொல்லணும். இவ்வளவு நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நிற்கவில்லை, ஆனால் அது வேறு அழுகை ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் பார்லருக்கு வந்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். பெஞ்சு இல்லை. அக்காவும் காவலாளியும் அதைத் தூக்கிக்கொண்டு போய் நூலகத்துக்குள் போட்டிருந்தார்கள். அதோடு கதை படிப்பதும் நின்றது. தொண்டை கட்டிக்கொண்டது என்று அக்கா சாதித்தாள். அந்தப் பொய்யை ஒருவரும் நம்பவில்லை, ஏனென்றால் அதைச் சொல்லும்போதே தெருமுனை வரை கேட்டது. கடையில் இருப்பது இனி வெட்டிக்கொள்கிறவர்களுக்கான நாற்காலி மட்டும். காத்திருக்க வேண்டுமானால் எதிரே போய்க் காத்திருக்கணும். முறை வந்தால் வாசலில் நின்று சிவப்புத் துண்டை ஆட்டுவேன், வாங்க என்றாள்.

முதல் சில நாள் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். போய்ச் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். சுவரை எவ்வளவு நேரம் பார்ப்பது? கையெட்டும் தூரத்தில் பத்திரிகை இருந்தது, அதற்கடுத்த தூரத்தில் புத்தகம். அக்கா துண்டை ஆட்டினால் இன்னும் ரெண்டு பக்கம் என்று ஜன்னலிலிருந்து விரலைக் காட்ட ஆரம்பித்தார்கள். சுழலும் நாற்காலியும் காலி, சுழலாத நாற்காலியும் காலி. துண்டை ஆட்டி ஆட்டி அக்காவுக்குத் தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம். வியாபாரம் செய்கிற லட்சணமா இது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

தையல்கார அம்மா இதைப் பார்த்துத் தன் கடைக்குத் தைத்த துணியை வாங்க வருகிறவர்களையும் எதிரே அனுப்பினார். பித்தான் தைக்கிற நேரத்தில் ஒரு சிறுகதை என்பது அவர் கணக்கு. செம்பட்டைத் தலையைக் காட்டி, இது கதைக்காகப் போன முடி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்தார். தெருவில் இருந்த பல் மருத்துவரும் தன் நோயாளிகளை அங்கே உட்கார வைத்தார். பயந்துபோய் வருகிறவர்களுக்குப் புத்தகம் நல்லது என்றார். சத்தமாகக் கதை கேட்டே தீரவேண்டும் என்று அடம்பிடித்தவர்களுக்காக வாரத்தில் ஒரு நாள் நூலகரே படித்தார். அந்தக் குரலுக்கு எல்லோரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு மூச்சைக்கூட மெல்ல விட்டார்கள். குரல் இல்லாமல் போனதே ஒரு வசதியாகிவிட்டது என்று அக்கா கிண்டல் செய்தாள். அடுத்த விழிப்புணர்வு நாளும் வந்து போனது. ஆனால் அதற்கு மறுநாளும் ஆள் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. மாதங்கள் போய்க்கொண்டிருந்தன, மேலதிகாரி அம்மா மட்டும் வரவில்லை.

பார்லருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாயக் கறை போக வேண்டும் என்று முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் எதேச்சையாகத் தலையைத் தூக்கினாள். ஷட்டருக்குக் கீழே தெருவின் எதிர்ப்பக்கம் தெரிந்தது. மேலதிகாரி அம்மா பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

இன்றைக்கா வரவேண்டும்? கடை மூடியிருக்கிறது, துண்டு ஆட்ட ஆள் இல்லை, காத்திருக்க ஆள் இல்லை. தையல்கார அம்மாவும் உறவுக்காரர் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தார். ஜன்னலில் வெயில் பட்டுக் கண் கூசியது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வேண்டுமென்றேதான் இந்த நாளைப் பார்த்து வந்திருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

ஈரக் கையோடு போனை எடுத்தாள். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோர் நம்பரும் அவளிடம் உண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். காவலாளியின் நம்பரை அழுத்திவிட்டாள். மணி அடிக்கத் தொடங்கியது. நாளைக்கு நீங்க இல்லேன்னா வருவாங்களா என்று அந்த அம்மா கேட்டது காதில் கேட்டது. அக்கா போனை அணைத்தாள். அணைத்துவிட்டுத் தூரத்தில், கைக்கு எட்டாத அலமாரியின் மேல் வைத்தாள்.

அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. சுழலாத நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அந்த இடத்துக்கு என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், மனசு ஏற்கவில்லை. போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள், அதையும் ஏற்கவில்லை. தன் குழந்தை தலைவைத்துத் தூங்கின மேஜையை யாரோ லாரியில் ஏற்றுவது கண்ணுக்குள் வந்தது. அந்த அம்மா உள்ளே என்னதான் செய்கிறார்? காலி நாற்காலியை எண்ண இவ்வளவு நேரமா?

பச்சைக் கதவு திறந்தது. மேலதிகாரி அம்மா வெளியே வந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைத் தாண்டினார். நேராக இந்தக் கடையை நோக்கித்தான் வந்தார். அக்கா எழுந்து நிற்பதற்குள் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டார். கையில் ஒரு புத்தகம், நடுப்பக்கத்தில் விரலை வைத்து மூடியிருந்தார்.

"எதிர்ல உட்கார இடம் இல்ல" என்றார். "இங்க கொஞ்ச நேரம் உட்காரலாமா?"